பூஜ்யம் பார்த்த கதை

நமக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் சொற்பம். கல்லூரியில் படித்த காலத்தில் என்.ஸி.ஸி. படையில் சேர்ந்து, இடுப்பில் நிற்காத காக்கி நிஜாரை மாட்டிக்கொண்டு, ஒரு முகாமில் 25 கஜத்துக்கு அப்பால் நட்டிருந்த குறிப்பலகையை நோக்கி ஐந்து ரவைகள் சுட்டோம். அதோடு சரி. சுட்டு முடிந்து பலகைகளைப் பார்க்கப் போனபோது நம்முடைய பலகை கடையில் வாங்கிய காகிதம் போல் பரிசுத்தமாக இருந்தது. பக்கத்தில் படுத்துச் சுட்ட நண்பருடைய பலகையில் பத்துத் துளைகள் இருந்தன. அவருக்குக் கொடுத்த தோட்டாக்களும் ஐந்துதான்!

எங்களுக்குப் பயிற்சி அளித்த உஸ்தாத் வடக்கத்தியார். தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "தம்பி, நீ சண்டைக்குப் போனால் எதிரிக்குப் பயமில்லை. எதிரிக்குப் பக்கத்து ஊர்க்காரன்தான் பயப்பட வேண்டும்" என்றார். முகாம் முழுவதும் சிரித்தது.

அன்று முதல் நாற்பது வருஷ காலம் நாம் ஒரு சமாதானம் சொல்லி வந்தோம். "அந்தத் துப்பாக்கி ஸீரோ ஆகாத துப்பாக்கி ஐயா!" என்பதே அது. ஸீரோ ஆவதென்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆகையால் அந்தச் சமாதானம் வெகு காலம் நன்றாகவே செலாவணி ஆயிற்று.

அது செல்லாக் காசாகிப் போனது கானடா தேசத்தில். நம் பையன் ஒட்டாவா நகரில் உத்தியோகமாக இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் நாமும் நம் வீட்டு அம்மாளும் வசந்த காலத்தில் அங்கே போய் இலையுதிர் காலம் வரையில் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் வசித்தார்கள். பெரியவருக்கு வயது எழுபத்தாறு. ரயிலில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலிக்கு இப்புறம் நாமும் அப்புறம் அவரும் நின்று சீதோஷ்ண நிலையைப் பற்றிப் பேசிப் பேசிச் சிநேகமானோம். கானடாவில் சிநேகத்துக்கு வேறு வழி கிடையாது.

ஒரு நாள் அவர் தம் வீட்டு நிலவறைக்கு நம்மை அழைத்துச் சென்றார். அங்கே மேஜையின் மேல் நீண்ட துப்பாக்கி ஒன்று இருகால் தாங்கியில் நின்றது. அதன் முதுகில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி. 'ஸ்கோப்' என்று அவர்கள் சொல்லுவது அதைத்தான்.

"நாற்பது வருஷம் இது இல்லாமல்தான் சுட்டேன். இப்போது வேண்டியிருக்கிறது" என்றார் பெரியவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் போன்ற ஒன்று தெரிந்தது. முதல் முதலாகக் கைத்தடி வாங்கி வந்த அன்று நம் தகப்பனார் முகத்தில் இருந்த அதே களை.

காரணத்தையும் அவர் விளக்கினார். சாதாரணத் துப்பாக்கியில் பின்னால் ஒரு சிறு துவாரம், குழலின் நுனியில் ஒரு வளையம், அதற்கப்பால் எங்கோ இலக்கு. இம்மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டு வந்து, நடுவில் உள்ள வளையத்தைக் கண் தெளிவாகக் காண வேண்டும். இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்ந்து கொடுக்கிறது. வயதானால் அது விறைத்துப் போகிறது. நாம் பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, அதே வியாதிதான். பெரியவருக்கு வலக் கண்ணில் புரை எடுத்து ஆகியிருந்தது. அப்படியும் முன்வளையம் பஞ்சு போல் மங்கலாகவே தெரிந்ததாம். தூரதிருஷ்டிக் கண்ணாடியோ, இலக்கின் பிம்பத்தையும் குறுக்குக் கோடுகளையும் ஒரே தளத்தில் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறது. கிழக் கண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம்.

இப்படிப்பட்ட கிழக் கண்களுக்காகவே அந்த நாட்டில் தனிப் பந்தயம் ஒன்று உண்டு. ஜார்ஜ் பார்க்குவார்ஸன் என்ற கானடாக்காரர் அதைத் தொடங்கி வைத்தார். தூரதிருஷ்டியும் தாங்கியும் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் சுடலாம் என்பது விதி. அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 'எப் கிளாஸ்' என்று பெயரிட்டார்கள். கண்ணும் தோளும் தளர்ந்தவர்கள் விளையாட்டை விட்டுப் போகாதிருக்க ஏற்பட்ட அந்த ஏற்பாடு, பிறகு வாலிபர்களையும் இழுத்துக்கொண்டு விட்டது. 2002-ஆம் வருஷம் அதற்கு உலகப் பந்தயமே நடந்தது, அதே ஒட்டாவாவில்.

"இந்த ஸெப்டம்பரில் பருவத்தின் கடைசிப் பந்தயம். அதில் 900 மீட்டரில் நான் நினைத்த இடத்தில் ரவை விழாவிட்டால், துப்பாக்கியை விற்றுவிடுவதென்று தீர்மானம்" என்றார். அவர் மனைவி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு சிறிய மைதானத்துக்கு நம்மையும் கூட்டிச் சென்றார். 'ஸீரோ' செய்வதற்காக. அதாவது, பூஜ்யம் பார்ப்பதற்காக.

நம் தமிழில் பூஜ்யம் என்ற சொல்லுக்கு ஒன்றுமில்லாதது என்றும் பொருள், பூஜைக்கு உரியது என்றும் பொருள். துப்பாக்கிக்காரர்களுக்கு இவ்விரண்டு அர்த்தமும் சம்மதமாயிருக்கும். கண்ணாடி பார்க்கும் கோடு நேராகப் போகிறது. ரவையோ குழலை விட்டுப் புறப்பட்ட நிமிஷமே பூமியின் இழுப்புக்கு உட்பட்டு வளைந்து போகிறது. இவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றையொன்று சந்திக்கும்படி செய்து, அந்த நிலையில் திருகின் மேல் '0' என்ற குறியை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகு எவ்வளவு தூரத்துக்குத் திருகினாலும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் கணக்கு. பூஜ்யம் பிசகினால் எல்லாம் பிசகு.

பெரியவர் முதலில் சுடவேயில்லை. துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலின் வழியாக 100 மீட்டருக்கு அப்பால் இருந்த கரும் புள்ளியைப் பார்த்தார். குழலின் நடுவில் புள்ளி வந்ததும், துப்பாக்கி அசையாமல், குறுக்குக் கோடுகளை அதே புள்ளிக்கு நகர்த்தினார். பிறகு தலையை மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பார்த்தார். தலை அசையும்போது கோடு புள்ளியை விட்டு நகர்ந்தால், தூரத்துக்கு உரிய திருகு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தமாம். அதைச் சரிப்படுத்திய பின்னரே தோட்டாவைத் தொட்டார்.

முதல் ரவை புள்ளிக்குக் கீழே வலப்புறம் விழுந்தது.

"திருகுங்கள்!" என்றோம் நாம்.

அவர் திருகவில்லை. இரண்டாவது சுட்டார். அது முதலாவதற்கு அருகில். "இப்போதாவது திருகுங்கள்" என்றோம். மூன்றாவது சுட்டார். நான்கு. ஐந்து. நடுநடுவே குழல் ஆறட்டும் என்று எழுந்து உட்கார்ந்து தெர்மாஸிலிருந்து காப்பி வேறு. நமக்குப் பொறுமை போய்விட்டது. தப்பு விழுகிறதென்று கண்ணால் கண்டபிறகும் திருத்தாமல் இருக்கிற மனுஷர் உண்டா?

"ஒரு ரவையை நம்பித் திருகினால், அந்த ரவை பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார் பெரியவர். ஒரு ரவையின் பிழையில் துப்பாக்கியின் பிழையும் இருக்கலாம், விரலின் பிழையும் இருக்கலாம், காற்றும் இருக்கலாம். ஐந்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியவரும். அவசரக்காரன் ஒவ்வொரு ரவைக்கும் திருகித் தன் கை நடுக்கத்தையெல்லாம் கண்ணாடிக்கு ஏற்றிவிடுவான். சாம்பாரில் உப்புப் போட்டு, அது கரைவதற்குள் ருசி பார்த்து, மறுபடியும் போட்டு, மறுபடியும் ருசி பார்த்து... நம் வீட்டில் ஒரு முறை நாம் சமைத்த சரித்திரம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டோம்.

ஐந்து துளைகளும் ஓர் எலுமிச்சம்பழம் மறைக்கும் இடத்துக்குள் இருந்தன. அந்தக் கூட்டத்தின் மையம் புள்ளிக்கு 7 சென்டிமீட்டர் கீழே, நாலரை சென்டிமீட்டர் வலது பக்கம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு நிமிஷக் கோணம். 100 மீட்டரில் அது சுமார் 2.9 சென்டிமீட்டர். திருகின் ஒவ்வொரு சொடுக்கும் கால் நிமிஷம். அதாவது 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மேலே பத்துச் சொடுக்கு, இடப்புறம் ஆறு. மறுபடியும் ஐந்து ரவைகள். இம்முறை கரும் புள்ளி இருந்த இடத்தில் கந்தல்தான் இருந்தது. திருகின் மூடியைத் தளர்த்தி '0' குறியை நேரே நிறுத்தி இறுக்கினார்.

திரும்பி வரும்போது நம்முடைய கல்லூரிக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "உங்களுடைய ஐந்து துளைகளும் எப்படி இருந்தன? சிதறியா, சேர்ந்தா?" என்று கேட்டார். நினைத்துப் பார்த்தோம். அந்த நண்பருடைய துளைகள் பலகை முழுவதும் பரவிக் கிடக்க, ஒரு மூலையில் மட்டும் ஐந்து துளைகள் உள்ளங்கை அகலத்துக்குள் சேர்ந்திருந்தது ஞாபகம் வந்தது. "அப்படியானால் துப்பாக்கியின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? உங்கள் கையிலும் குற்றமில்லை. பார்த்த பலகைதான் வேறு" என்றார்.

நாற்பது வருஷத்துச் சமாதானம் இவ்வாறு முடிவடைந்தது. ஆனால் நாம் நல்ல சுடுநர் என்ற செய்தியும் கூடவே வந்தபடியால் அதிகமாக வருந்தவில்லை.

நெடுந்தூரப் பந்தயங்கள் நடப்பது ஒட்டாவா நதிக் கரையிலுள்ள கன்னாட் மைதானத்தில். பெயரைக் கேட்டதும் டில்லி மாநகரத்துக் கன்னாட் பிளேஸ் நேயர்களுக்கு நினைவு வரலாம். அதே கோமகன்தான் இவரும். விக்டோரியா மகாராணியின் புதல்வர். 1911 முதல் 1916 வரை கானடாவின் கவர்னர்-ஜெனரல். 1921-இல் சென்னைக்கு வந்து சட்டசபையைத் திறந்து வைத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தார் அவருடைய விஜயத்தைப் பகிஷ்கரித்தார்கள்.

அவர் தாயாருக்கும் இந்தப் பூஜ்யம் பார்க்கும் வித்தைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1860-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டனுக்கருகில் விம்பிள்டனில் இங்கிலீஷ் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் பந்தயத்தை மகாராணி தொடங்கி வைத்தார். 400 கஜத்துக்கு அப்பால் பலகை. விட்வர்த் என்ற இயந்திர நிபுணர் தாம் செய்த துப்பாக்கியை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி முன்கூட்டியே குறி பார்த்து நிறுத்தியிருந்தார். விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி கயிற்றை இழுத்தார். ரவை இலக்கின் மையத்திலிருந்து ஒன்றே கால் அங்குல தூரத்தில் பட்டது. பூஜ்யம் பார்த்தவர் விட்வர்த். புகழ் பட்டுக் கயிற்றுக்கு! இது நடந்து பதினெட்டு வருஷம் கழித்து, 1878-இல், அதே மகாராணியின் பெயரால் ஆண்ட சர்க்கார் ஆயுதச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து, லைஸென்ஸ் இல்லாமல் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று விதித்தார்கள். நம் தேசத்தில் துப்பாக்கி சுடுவதை ஒரு விளையாட்டாக வளர்க்கத் தேசிய சங்கம் ஏற்பட்டதெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-இல்தான். பின்னால் லோக சபையின் முதல் சபாநாயகராக விளங்கிய மாவ்லங்கர் அவர்கள் அதை நிறுவினார். நம் கையில் அந்த .22 துப்பாக்கி வந்ததற்கும் ஒரு சுயராஜ்யம் தேவைப்பட்டது என்று எண்ணும்போது, அதை வைத்துக்கொண்டு பக்கத்துப் பலகையைச் சுட்டது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஜூலை மாதத்தில் ஒரு காலை. காற்றுக்கு முந்திக்கொள்ள வேண்டுமென்று விடியும்போதே மைதானத்துக்குப் போய்விட்டோம். நதிக்கு அப்பால் காட்டினோ மலைகள் நீலமாகத் தெரிந்தன. மைதானம் நெடுகக் கம்பங்களில் கொடிகள் துவண்டு தொங்கின.

900 மீட்டர் என்றால் இலக்கு வெறுங் கண்ணுக்கு ஒரு தபால் தலை. அந்தத் தூரம் போவதற்குள் ரவை சுமார் ஒன்றரை வினாடி ஆகாயத்தில் இருக்கிறது. 100 மீட்டர்ப் பூஜ்யத்தோடு அப்படியே சுட்டால் எட்டு மீட்டர் கீழே விழும். இரண்டு மாடி வீட்டின் உயரம்! ஆகையால் பெரியவர் மேல் திருகை 32 நிமிஷம் உயர்த்தினார். 128 சொடுக்குகள். அவ்வளவும் ஏறிய பிறகு அவர் அடிக்க வேண்டிய ஐந்து மதிப்பெண் வட்டத்தின் அகலம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம்.

நம்மைப் பலகைகளுக்கு அடியிலுள்ள பள்ளத்துக்கு அனுப்பினார்கள். சுடுகிறவர்களின் நண்பர்களும், முறை வராத சுடுநர்களும் அங்கே நின்று பலகையை இறக்கி, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, மறுபடியும் ஏற்ற வேண்டும். தலைக்கு மேலே தடித்த மண் சுவர் இருப்பதால் அபாயமில்லை. ஆனாலும் முதல் ரவை வந்தபோது நம் ஜீவன் ஒரு கணம் ஊருக்குப் போய்த் திரும்பிற்று. சவுக்கைச் சொடுக்கினாற் போல் தலைக்கு மேல் ஒரு 'சடார்'! அது அடங்கிய பிறகுதான், வெகு தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல் துப்பாக்கியின் 'டும்' வந்து சேர்ந்தது. ரவை ஒலியைவிட வேகமாக வருகிறது. சுட்டவனுடைய சத்தம் கேட்கும்போது சுட்டது முடிந்து போயிருக்கும்.

பலகையை இறக்கினோம். கிணற்றில் ராட்டினம் இழுத்த கை. ஆகையால் அந்த வேலை நமக்குச் சுலபமாக வந்தது. துளை வலது பக்கம் இருந்தது. அடுத்ததும் வலது பக்கம். பத்து ரவைகளும் மையத்துக்கு வலது பக்கமே, ஒரு சாணுக்கு மேல் தள்ளி, அழகாகச் சேர்ந்து விழுந்தன.

திரும்பும் வழியில் பெரியவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் வந்தார். "கொடி அசையவில்லை. காற்றின் மேல் பழி சொல்ல முடியாது. வலப்புறம் சுழன்று செல்லும் ரவை நெடுந்தூரத்தில் தானாகக் கொஞ்சம் வலமாக ஒதுங்கும். அதற்கும் முன்னமேயே கணக்குப் போட்டுத் திருகியிருந்தேன். அதற்கும் மேலே போகிறதென்றால் விரல்தான். விசையை ஒரு பக்கமாக இழுக்கிறேன் போலிருக்கிறது. எழுபத்தாறு வயது" என்றார்.

நாம் ஆறுதலாக, "நாலைந்து சொடுக்கு இடப்புறம் திருகிவிட்டால் போயிற்று!" என்றோம்.

"திருகலாம். எதைத் திருத்துகிறேன் என்று தெரியாமல் திருகலாம். பிறகு 300 மீட்டரில் இடப்புறம் விழும். அங்கே வலப்புறம் திருகுவேன். அப்புறம் பூஜ்யம் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது" என்றார்.

அன்று மாலை துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது, விற்றால் என்ன விலை வரும் என்று அவர் மனைவியிடம் கேட்டதை நாம் வேலிக்கு இப்புறமிருந்து கேட்டோம். ஒட்டுக் கேட்கவில்லை, கோடைக் காலம், ஜன்னல்கள் திறந்திருந்தன.

இனிமேல் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் நாற்பது வருஷமாகக் கணவர் சுட்ட ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு எழுதி வருகிறவர் அவர். தேதி, தூரம், வெப்பம், காற்று, மேல் திருகு எத்தனை, பக்கத் திருகு எத்தனை, ரவை விழுந்த இடம். நம் வீட்டு அம்மாள் பால் கணக்கு எழுதுவது போலவே, நுணுக்கிய எழுத்தில், நோட்டுப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன.

மறு நாள் நம் மருமகள் கொடுத்தனுப்பிய முறுக்கை எடுத்துக்கொண்டு போனோம். அம்மாள் சமையலறை மேஜையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"காற்றில்லாத நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். சுழற்சிக்கு நீங்கள் கொடுத்த கணக்கையும் கழித்துவிட்டேன். 300 மீட்டரில் வலப்புறம் ஒன்றரை சென்டிமீட்டர். அது பிழை என்று கூடத் தெரியாது. 500 மீட்டரில் ஆறு. நேற்று 900 மீட்டரில் முப்பது. உங்கள் விரல் குற்றவாளி என்றால், தூரம் மூன்று மடங்கானால் பிழையும் மூன்று மடங்காகத்தானே வேண்டும்? இது இருபது மடங்கு ஆகியிருக்கிறது."

பெரியவர் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பத்தியைப் பாருங்கள்" என்று அம்மாள் மேல் திருகின் கணக்கைக் காட்டினார். "5 நிமிஷம், 12 நிமிஷம், 32 நிமிஷம். பிழையையும் நிமிஷமாக்கிப் பார்த்தால் இதோடு சேர்ந்து ஏறுகிறது. நீங்கள் எவ்வளவு மேலே திருகுகிறீர்களோ அந்த அளவுக்கு வலமாகப் போகிறது. மேலே போகிற திருகு நேராக மேலே போகவில்லை."

ஒரு நிமிஷம் அந்த அறையில் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பெரியவர், "கண்ணாடி சாய்ந்திருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். குளிர் காலத்தில் கண்ணாடியைத் துப்பாக்கியின் மேல் வளையங்களில் பொருத்தியபோது, அதன் திருகு மூடியின் மேல் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்திருக்கிறார். மூடியின் தலை உள்ளே இருக்கும் குறுக்குக் கோட்டுக்குச் சரியான நேராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. துப்பாக்கியின் உடலில் தனியாக ஒரு சிறிய ரசமட்டம் இருந்தது. சுடும்போது அதில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மங்கிய கண்ணைக் கோடுகள் சந்திக்கும் இடத்திலேயே ஊன்றியிருந்தார். கோடு முழுவதும் இரண்டு பாகை சாய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. 100 மீட்டரில் மேலே திருக வேண்டியதே இல்லை; ஆகையால் அங்கே பூஜ்யம் மாசற்று இருந்தது. திருகத் திருகச் சாய்ந்த ஏணியில் ஏறுகிறவன் போல் ரவை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிற்று.

ஊகத்தை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. மறுபடி அந்தச் சிறிய மைதானத்துக்குப் போனோம். 100 மீட்டரில் ஆள் உயரப் பலகை ஒன்றை நட்டு, அதன் மேலிருந்து ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்க விட்டார்கள். சாக்ஷாத் நம் ஊர்க் கொத்தனாரின் தூக்குக்குண்டு! நூலை ஒட்டிப் பலகையில் கோடு இழுத்து, அடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். துப்பாக்கியின் குமிழியை நடுவில் நிறுத்தி நம்மைப் பார்க்கச் சொன்னார் பெரியவர். கண்ணாடியின் நெடுக்குக் கோட்டையும் நூலையும் பார்த்தோம். நம்முடைய மூக்குக் கண்ணாடி வழியாகக்கூடத் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக இல்லை.

அடிப் புள்ளியைக் குறி பார்த்தபடியே 30 நிமிஷம் மேலே திருகி மூன்று ரவைகள் சுட்டார். அவை புள்ளிக்கு 87 சென்டிமீட்டர் மேலே, நூலுக்கு வலப்புறம் 3 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தன. அம்மாள் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வளையங்களின் ஆணிகளைத் தளர்த்தி, நெடுக்குக் கோடு நூலோடு படியும் வரையில் கண்ணாடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஆணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். முன் பார்த்த பூஜ்யம் இதனால் அழிந்து போயிற்று. குழல் வழியாகப் பார்ப்பதிலிருந்து எல்லாம் புதிதாக ஆரம்பம். ஐந்து ரவை, காப்பி, ஐந்து ரவை. இம்முறை நாம் 'திருகுங்கள்' என்று சொல்லவில்லை. இறுதியில் மறுபடி 30 நிமிஷம் மேலே திருகிச் சுட்டபோது துளைகள் நூலிழுத்த கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தன. பெரியவர் அந்தப் பலகைக் காகிதத்தைச் சுருட்டித் தம்மோடு எடுத்துக்கொண்டார்.

ஸெப்டம்பர்ப் பந்தயத்தன்று காலை ஆகாயம் நிர்மலமாக இருந்தது. ஆனால் காற்று சும்மா இருக்கவில்லை. கொடிகள் ஒரு பக்கம் பறந்து, தொங்கி, எதிர்ப்பக்கம் பறந்தன. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று அந்தத் தூரத்தில் ரவையை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அதை எந்தத் தூக்குக்குண்டும் திருத்தாது. ஒவ்வொரு முறையும் கொடியையும் கானலையும் பார்த்து மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். நாம் பள்ளத்தில் அவருடைய பலகைக்கே நின்றோம். பதினைந்து ரவைகள். சில ஐந்துகள், பல நான்குகள், காற்று திடீரென்று மாறியபோது ஒரு மூன்று. ஆனால் துளைகள் சில வேளை இடம், சில வேளை வலம் என்று இரு பக்கமும் விழுந்தன. ஒரே பக்கமாக விழவில்லை.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. வரிசையில் நடுவில் எங்கேயோ இருந்தார். பரிசு பெற்றவர் முப்பது வயது கூட நிரம்பாத ஒரு பெண்.

பரிசளிப்பு முடிந்ததும் பெரியவர் சங்கத்தின் மேஜைக்குச் சென்று அடுத்த வருஷத்துச் சந்தாவைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். அம்மாளின் நோட்டில் கடைசிப் பக்கமும் நிரம்பி விட்டபடியால், வீடு திரும்பும் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினோம். அவர் உள்ளே போய் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வந்தார். ஒன்று தமக்கு. இன்னொன்றை நம் கையில் கொடுத்து, "உங்கள் வீட்டு அம்மாளின் பால் கணக்குக்கு" என்றார்.